கால் பவருக்கு இரண்டு கிலோ

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஒரு தாளை நான்காக மடித்து அடியில் வைத்துவிட்டேன். இப்போது ஆடவில்லை. எங்கே சமமில்லையோ அங்கே என் கை தானாகப் போய்விடும். என் வேலை அப்படி.

குதிரைப் பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னீர்கள். விசாரிக்க வருபவருக்கு அது நல்லதுதான். சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டுக் குதிரைகள் ஓடுகின்றன. ஒன்று கெட்டிக்காரன், ஒன்று சோம்பேறி. அப்படியே ஓடவிட்டால் யார் வந்து பந்தயம் கட்டுவார்கள்? அதனால் கெட்டிக்காரனின் சேணப் பையில் ஈயத் தகடுகளை வைக்கிறோம். ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளம் முந்தினால் ஒரு கிலோ. சோம்பேறிக்கு ஒன்றும் கிடையாது. கணக்கு சரியாக இருந்தால் எட்டு மூக்கும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும். அப்படி ஒரு பந்தயம் இதுவரை நடந்ததில்லை.

எடை எழுதும் அறையில் நாங்கள் மூன்று பேர். தலைமை அதிகாரியை எல்லோரும் தராசு சார் என்போம். அவருக்கு அடுத்து என் அக்கா. கதவோரம் நான். நான் இயற்பியல் படித்தவள். அக்கா பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டவள். அதை நான் ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்ட ஒரு சந்தர்ப்பமும் அமையவில்லை.

அக்காவுக்குக் கண்ணில் ஏதோ இருந்தது. குதிரை நடக்கும்போது வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாள். "இது இன்னைக்கு இடது முன்னங்காலை யோசிச்சு வைக்குது. ரெண்டு கிலோ எடுத்துடலாம்" என்பாள். நான் பத்து ஓட்டங்களின் நேரம், தூரம், தரையின் ஈரம் எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தால் ஒன்றே முக்கால் கிலோ வரும். ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டுதான் சரியாக இருக்கும்.

கிளப்பில் சம்பளம் வாங்குபவர்கள் பந்தயம் கட்டக் கூடாது. அதனால் வீட்டில் பொத்தான் வைத்துக் கட்டுவோம். அம்மா ஜாக்கிகளுக்குச் சட்டை தைக்கிறாள். குதிரைகளின் சேணத் துணியில் எண் தைப்பதும் அவள்தான். வீட்டில் பொத்தானுக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை இரவு அக்காவின் பிஸ்கட் டப்பா மூட முடியாமல் பிதுங்கும். என்னிடம் பதினொன்று இருந்தன. அதில் ஒன்று உடைந்தது.

"படிச்ச புள்ள பத்து பொத்தானுக்கு மேல தேறலையே" என்பாள் அம்மா.

"விடும்மா. அவ கணக்குல போறா, நான் குருட்டாம்போக்குல போறேன்" என்பாள் அக்கா. பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி என் பக்கம் தள்ளுவாள்.

அவள் ஒருமுறையாவது கெக்கலி கொட்டிச் சிரித்திருந்தால் இந்த அறைக்கு நாம் வந்திருக்கவே மாட்டோம் என்று நினைக்கிறேன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை.

இந்தப் பருவத்தோடு தராசு சார் ஓய்வு பெறுகிறார். அவருடைய நாற்காலி எங்கள் இருவரில் ஒருவருக்கு. "கூடப் பொறந்ததுங்க, உங்களுக்குள்ள சண்டை வேணாம். மாசத்துக்கு ஒண்ணா மூணு பந்தயம். ரெண்டு பேரும் தனித்தனியா எடை எழுதிக் குடுங்க. முதல் ரெண்டும் ஒத்திகை, மூணாவதுதான் பரீட்சை. ஓட்டத்துக்கு யார் கணக்கு நெருக்கமோ அவங்களுக்கு நாற்காலி" என்றார்.

அன்று இரவு பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். எட்டுக் குதிரைகளுக்கும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பந்தயத்துக்கு அக்காவின் கணக்கு என்னுடையதைவிடச் சராசரியாக ஆறு குதிரை நீளம் முந்தியிருந்தது. ஆறு நீளம் முந்துகிற குதிரையை எந்த எடை அதிகாரியும் சும்மா ஓடவிட மாட்டார். அது மற்றக் குதிரைகளுக்குச் செய்கிற துரோகம். நல்லா ஓடுறவன் முதுகுலதான் பாரம் ஏறும் என்று தராசு சாரே அடிக்கடி சொல்வார்.

ஆனால் அக்காவுக்குச் சேணம் கிடையாது. கண்ணாடிதான் உண்டு.

அக்காவுக்குக் கிட்டப்பார்வை. பவர் மூன்று. கண்ணாடியை நாற்காலியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்காரும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இருக்கிறது. புதிது வாங்கி வருவது எப்போதும் என் பொறுப்பு. அந்த மாதம் அவள் உட்காரவில்லை. ஆகவே திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். கண்ணாடிக் கடைக்குப் போகும்போது கண் டாக்டரின் சீட்டை என் கையெழுத்தில் அழகாகத் திரும்ப எழுதினேன். மூன்று என்பதை இரண்டே முக்கால் என்று.

ஒத்திகைப் பந்தயத்தில் இடைவெளி நான்கு நீளமாகக் குறைந்தது. கால் பவருக்கு இரண்டு கிலோ. இவ்வளவு சுத்தமான விடை எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில்கூட வந்ததில்லை.

அடுத்த மாதம் இரண்டரை. கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாருக்கும் ஏறும்மா. உங்க அக்காவுக்கு மட்டும் எப்படி இறங்குது?"

"நிறைய கேரட் சாப்பிடுவா. குதிரைக்குக் குடுத்தது போக மிச்சம்."

அவர் நம்பினார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நல்ல மனிதர்.

அந்த நாட்கள் கொஞ்சம் வேடிக்கையாகவே போயின. எடை அறையின் ஆணியில் தொங்கிய தராசு சாரின் கோட்டுக்கு அக்கா காலை வணக்கம் சொன்னாள். கோட்டு பதில் சொல்லாததால், சாருக்குத் தன் மேல் ஏதோ கோபம் என்று மதியம்வரை வருத்தமாக இருந்தாள்.

"என்னடி, கொஞ்ச நாளா உலகமே கலங்கின மாதிரி இருக்கு" என்றாள் என்னிடம்.

"குதிரை பின்னாடியே சுத்தி தூசியைத் தின்னா கலங்காம என்ன செய்யும்?" என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அக்காவின் கண்ணாடியை வாங்கி நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் ஒத்திகையில் இடைவெளி இரண்டு நீளம். இன்னும் ஒரு கால் பவர் குறைத்தால் இருவரும் சரிசமம். ஒன்றைக் கவனியுங்கள். நான் ஜெயிக்க நினைத்திருந்தால் அரைப் பவர் குறைத்திருக்கலாம். கடையில் அதற்கும் அதே விலைதான். நான் காலோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டேகால். நான் எந்த எடையும் சுமக்கவில்லையே என்று கேட்கலாம். ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரைக்கு யாராவது ஈயம் வைப்பார்களா?

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

கிட்டப்பார்வைக்காரருக்குப் பவர் குறைந்தால் எவ்வளவு தூரம்வரை தெளிவாகத் தெரியும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. எவ்வளவு குறைகிறதோ அந்த எண்ணால் ஒன்றை வகுக்க வேண்டும். விடை மீட்டரில் வரும். கால் பவர் குறைந்தால் நான்கு மீட்டர். அரை குறைந்தால் இரண்டு. முக்கால் குறைந்தால் ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். குதிரையின் நடையைப் பார்க்காமல் அக்காவால் எடை எழுத முடியாது. தெரியாவிட்டால் அவள் என்ன செய்வாள்? கிட்டே போவாள். முதல் மாதம் வேலியில் சாய்ந்து நின்றாள். இரண்டாம் மாதம் வேலிக்குள் குனிந்து நுழைந்தாள். மூன்றாம் மாதம் குதிரைக்குப் பின்னாலேயே நடந்தாள்.

லாய வாசலில் ஒரு பலகை இருக்கிறது. வரும்போது பார்த்திருப்பீர்கள். 'குதிரையின் பின்னங்காலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவும்.' எழுத்து நன்றாக இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். அதை எழுதியது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா பார்த்துக்கொண்டிருந்தது சாதுவை. லாயத்தில் வைத்த செல்லப்பெயர் அது. ஈயைக்கூட வாலால் மெதுவாகத்தான் தட்டும். பின்னாலிருந்து ஒரு முகம் திடீரென்று அத்தனை கிட்டத்தில் வந்தால் சாதுவும் மிரளும். ஒரே உதை. தொடை எலும்பு இரண்டு இடத்தில். ஆறு மாதம் படுக்கை என்றார் எலும்பு டாக்டர். கண்ணாடி தூள் தூளாகிவிட்டது. அதை நான் கூட்டி எடுத்தேன்.

"குதிரை மேல தப்பில்லடி. நான்தான் கிட்ட போயிட்டேன்" என்றாள் அக்கா, தூக்கிக்கொண்டு போகும்போது.

அவள் சொன்னதில் பாதி உண்மை. சாது முரட்டுக் குதிரை, இனி ஓடவே கூடாது என்று கிளப்பில் எழுதப் பார்க்கிறார்கள். அதனால்தான் நானாக வந்தேன். ஒரு வாயில்லா ஜீவன் என் கணக்குக்காகத் தண்டனை அனுபவிப்பதை மனசாட்சி ஏற்கவில்லை. அதோடு, சனிக்கிழமைப் பந்தயத்துக்கு நான் எழுதிய பட்டியலில் சாதுவுக்கு, ஜாக்கி, சேணம், ஈயம் எல்லாம் சேர்த்து, ஐம்பத்தாறரை கிலோ. அதை எடுத்துவிட்டால் மொத்தப் பட்டியலும் கெட்டுவிடும். என் வாழ்நாளில் அதைவிட நல்ல பட்டியல் எழுதியதில்லை.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். அக்கா படுக்கையில், பட்டியல் என்னுடையது மட்டும், நாற்காலி எனக்கு. இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஒற்றைக் குதிரை ஓடுவது பந்தயமே இல்லை.

நேற்று மாலை அம்மா எங்கள் அறைக்கு வந்து தராசு சாரிடம் ஒரு தாளை நீட்டினாள். சட்டை வெட்டும் அளவுத் தாள். பின்பக்கம் எட்டுக் குதிரைகளுக்கும் எடை எழுதியிருந்தது.

"பெரியவ சொன்னா, நான் எழுதினேன். கையெழுத்தைப் பார்க்காதீங்க சார்."

"படுத்துக்கிட்டு எப்படிம்மா பார்த்தா?"

"எங்க பார்த்தா? கண்ணாடியே இல்லையே. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓடுபாதைதான். காலையில ஒவ்வொண்ணா ஓட்டுறாங்க. நான் துணியில இருக்குற எண்ணைப் படிச்சேன், அவ கண்ணை மூடிக்கிட்டுக் குளம்புச் சத்தம் கேட்டா. அவ்வளவுதான்."

தராசு சார் அந்தத் தாளை வாங்கி மேசையில் விரித்தார். பிறகு என் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஏழு குதிரைகளுக்கு இரண்டு பட்டியலிலும் ஒரே எடை. சாதுவுக்கு மட்டும் அவள் ஐம்பத்தெட்டு எழுதியிருந்தாள். "உதைச்ச பிறகு அதுக்குத் தெம்பு கூடியிருக்காம், சத்தத்துலயே தெரியுதாம்" என்றாள் அம்மா. சார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இரவெல்லாம் என் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டுதான் சரி.

என் அக்கா மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சுமாரான குதிரைக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். மூன்று மாதமாக நான் எடையைத் தவறான இடத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது ஒன்றுதான் என் பிழை. அதைத் திருத்த இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? சரி.

வாசலில் என் கைப்பையை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சின்னச் சொட்டு மருந்துப் புட்டி இருக்கிறது. அதை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் அக்காவுக்குக் காதுவலி வரும்.