கூட்டத்தில் பேச வேண்டிய மொழி

"தமிழில்தான் பேச வேண்டுமென்றால் நான் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன், அங்கிள்."

அமெரிக்காவின் எடிசன் நகரில் புறப்பட்ட ரயிலில், என் முன்னிருக்கைப் பெண் இதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவளும் பக்கத்திலிருந்த பெரியவரும் ஒரு தமிழ் இணைய வானொலியின் நிர்வாகக் குழுவினர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஸ்காட்லாந்துல கேலிக் மொழி டிவி சேனல் போர்டு அவங்க மொழியிலதான் மீட்டிங் நடத்துதாம். நாம இங்கிலீஷ்ல நடத்தறோம், வெக்கமா இல்ல? இன்னிக்கு ரூல் பாஸ் பண்ணியே ஆகணும்."

"போன கூட்டத்தில் நான் தமிழில் பேசியதும் சிரித்தீர்கள்."

"யாரும்மா சிரிச்சா?"

"நீங்கள்தான்."

கால் நின்றது.

"சரி, இப்ப தமிழ்ல பேசு. சிரிக்க மாட்டேன்."

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள்.

"நான்... இந்த ரூலுக்கு... எதிரா... ஓட்டு போடறேன்."

அவர் சிரிக்கவில்லை.