டர்போ காரும் பங்குனி உளுந்தும்

பங்குனி மாதத்தில் எங்கள் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நியாயமாக நாங்கள் கூலி கொடுக்க வேண்டும். சம்பா அறுத்த வயலில் விளைந்த உளுந்தைச் செடியோடு பிடுங்கி, தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போதும். வெயில் காயவைக்கும். பஸ்ஸும் லாரியும் மிதித்து நெற்றை உடைக்கும். சாயங்காலம் நாங்கள் செத்தையை ஒதுக்கி, தூற்றி, உளுந்தை அள்ளிக்கொண்டு போவோம். டிரைவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே எங்கள் வேலையைச் செய்து தருவார்கள். வலங்கைமான் பக்கம் இது குற்றம் என்று இதுவரை எந்தப் போலீசும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறீர்கள்.

மதகடியில் கார் எரிந்த இடத்தில் கிடந்த உளுந்து காத்தாயியுடையது என்று எழுதி, அவரை ஸ்டேஷன் வராந்தாவில் உட்காரவைத்திருக்கிறீர்கள். காத்தாயி என் அத்தை. காரில் எரிந்துபோன சாமிதுரை அவருடைய ஒரே மகன். பெற்றவள்மேல் அந்த வழக்கைப் போடுவது சரியில்லை. உளுந்து அவருடையதுதான். அங்கே கொண்டுபோய்ப் பரப்பியது நான். என் பெயர் வேம்பு. பி.எஸ்ஸி. இயற்பியல். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. உங்கள் ஏட்டையா எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். பிழை இருக்காது.

காரிலிருந்து தொடங்குகிறேன்.

குஞ்சிதபாதத்தை உங்களுக்குத் தெரியும். எந்தக் கட்சி ஜெயித்தாலும் அதற்கேற்றபடி அவர் வேட்டியின் கரை மாறிவிடும். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவர் வீட்டு நிலம் சமையல்காரர் பேருக்கும் செத்துப்போன சித்தப்பா பேருக்கும் போய் ஒளிந்துகொண்டது. போன வருஷம் அவர் சிங்கப்பூர் வழியாக ஒரு ஜப்பான் காரை இறக்கினார். சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு தரையாகத் தவளை மாதிரி உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் டர்போ என்று எழுதியிருக்கும்.

வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. ரைஸ்மில் அஹமது கபீரின் அம்பாசடரோடு பந்தயம் என்றார். ஆற்றில் தண்ணீர் திறந்துவிடும் சட்ரஸிலிருந்து ரைஸ்மில் வரை நேர் ரோடு. குஞ்சிதபாதமே ஓட்டினார். அம்பாசடர் கிளம்பி முக்கால் தூரம் போகும்வரை ஜப்பான் கார் முக்கிக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று அது பாய, இவர் பயந்து காலை எடுத்துவிட்டார். நடுவில் இருந்த மதகு மேட்டில் கார் வயிற்றைத் தேய்த்துக்கொண்டது. அம்பாசடர் அந்த மேட்டைக் குலுங்காமல் முன்பே தாண்டியிருந்தது. ஊரே சிரித்தது.

"நீங்க தோத்ததுக்கு வருத்தப்படாதீங்க. என் டிக்கில ரெண்டு நெல்லு மூட்ட கெடந்துச்சு, எறக்க மறந்துட்டேன்" என்றார் கபீர்.

"ஜப்பான்லேர்ந்து ஓடியே வந்துச்சோ என்னமோ, களைச்சுப்போயிருக்கும்" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். குஞ்சிதபாதம் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் சாமிதுரை எங்கள் வீட்டுக்கு வந்தார். பிழைப்புக்கு டிராக்டர் ஓட்டினார். எங்கள் விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். குஞ்சிதபாதம் பண்ணையின் ஆற்றங்கரை நிலத்தை எங்கள் தெருவின் பன்னிரண்டு குடும்பமும் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். அது குத்தகை இல்லை, நாங்கள் வெறும் கூலியாட்கள் என்று குஞ்சிதபாதம் வெளியேற்றப் பார்த்தார். அந்த வழக்கில் எங்கள் முதல் சாட்சி சாமிதுரை. என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

"புள்ள, ஒரு சந்தேகம். டர்போ டர்போங்குறானுவளே, அப்புடின்னா என்ன?" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இயற்பியல் படித்து முடித்த மூன்று வருஷத்தில் என்னிடம் யாரும் ஒரு பாடத்தைக் கேட்டதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகம்கூடக் கேட்டதில்லை.

"அடுப்புப் பொகையே திரும்பி வந்து அடுப்ப ஊதுனா எப்புடி இருக்கும்? அதான் மாமா. என்ஜின் பொகை ஒரு விசிறியச் சுத்தும். அந்த விசிறி என்ஜினுக்குள்ள காத்த அடைக்கும். அடுப்பு நல்லாப் புடிச்சப்புறந்தான் ஊதும். அதுவரைக்கும் வண்டி தூங்கும்."

"தூங்குறத எழுப்புறது எப்புடி?"

"கால எடுக்கக் கூடாது. கீழ் கியர்லயே அழுத்திப் புடிச்சுப் பொறுக்கணும். அப்புறம் ஒண்ணு. ஓடி நின்னதும் உடனே அணைச்சுடக் கூடாது. அந்த விசிறிக்கூடு பழுத்துச் செவந்து கெடக்கும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்கணும்."

"ஒன்னைய மாதிரி ஒருத்தி கூட இருந்தா கோர்ட்டு என்ன, கோட்டையே நம்ம பக்கந்தான்" என்று சிரித்தார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தை மாதம் தஞ்சாவூரில் வாய்தா. பன்னிரண்டு வீட்டிலிருந்தும் போயிருந்தோம். கூண்டில் ஏறியதும் சாமிதுரை கையைக் கட்டிக்கொண்டார். கையைக் கட்டக் கூடாது என்று நான் முதல் பாடமே நடத்தியிருந்தேன்.

"குத்தகையெல்லாம் இல்லைங்க. பண்ணையில கூலிக்குத்தாங்க செஞ்சோம்" என்றார். இரண்டு வாக்கியம். இரண்டு தலைமுறைக்கு அது போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். நடந்தது அவருக்குப் புரியவில்லை. "எம்புள்ள பயப்படாமப் பேசுனான்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குப் பிறகு அவனை அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புக் காரின் ஸ்டியரிங்கில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குஞ்சிதபாதம். கபீரின் அம்பாசடரும் ஒரு காண்ட்ராக்டரின் கான்டெசாவும் எதிரே. நான் பம்ப்செட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டு வண்டியும் முந்தின. அவன் காலை எடுக்கவில்லை. கீழ் கியரில் அழுத்திப் பிடித்துப் பொறுத்தான். பம்ப்செட்டைத் தாண்டும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு கான்டெசா நின்றுகொண்டிருப்பதுபோலத் தெரிந்தது. மதகு மேட்டில் மட்டும் லாவகமாகக் காலைத் தளர்த்தி, திரும்பப் பிடித்தான். ரைஸ்மில்லைத் தொடும்போது அம்பாசடர் புழுதியில் எங்கேயோ இருந்தது. நான் நடத்திய பாடம் வார்த்தைக்கு வார்த்தை அந்த ரோட்டில் ஓடியது.

அன்றைக்கே மில் சுவரோரம் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒரு காருக்கா மாமா?"

"கொடி மாறுது, ஆச்சி மாறுது, நம்ம தெரு மாறுச்சா புள்ள? வருசக்கணக்காக் கொடி புடிச்சு கை காச்சுப்போனதுதான் மிச்சம்." நிறுத்தியிருந்த காரைக் கையால் காட்டினான். "அதுல உக்காந்து மிதிக்கையில, அந்த விசில் வருது பாரு, அந்த நிமிசம் நான் யாரு, எந்தத் தெருவுன்னு எனக்கே மறந்துபோவுது. அத ஒனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது."

"பன்னெண்டு வீடு."

"அவரு எல்லாரையும் பாத்துக்குறேன்னுருக்காரு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒன் படிப்புக்கு நான் ஒத்துவர மாட்டேன். அத்தோட விட்டுரு" என்றான்.

எனக்கும் அவனுக்கும் பேசிவைத்திருந்தது உண்மை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லாததால் அதைப் பற்றி நான் மேற்கொண்டு எழுதவில்லை.

வழக்கு தோற்றது. நின்ற பயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறச் சொன்னார்கள். வயலில் நின்றது உளுந்து. அந்த மண்ணில் எங்கள் கடைசி வெள்ளாமை அது.

பங்குனிக் கடைசி ஞாயிறு மறுபடியும் பந்தயம். பந்தய ரோட்டில் ஒரு செடி கிடக்கக் கூடாது என்று பண்ணை ஆட்கள் காலையிலேயே கூட்டிவிட்டார்கள். மில்லுக்கு அப்பால் இன்னொரு மதகு, வாய்க்கால் மதகு, இருக்கிறது. ஜெயித்தபின் அவன் காரை அங்கே புளிய மரத்து நிழலில்தான் நிறுத்துவான். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருப்பான். ஆறவைக்க வேண்டும் என்று நான் சொன்னதை ஒருநாளும் மறக்கவில்லை. அதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

அத்தை வீட்டு உளுந்துச் செடியை மூன்று நடையாகச் சுமந்துபோய் அந்த நிழலில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினேன். நன்றாகக் காய்ந்த செடி, கையில் எடுத்தால் நொறுங்கும். மீதியை ரோட்டின் இடதுபக்கம் போராகக் குவித்தேன். அதனால் அவன் வலதுபக்கம் மதகுச் சுவரை ஒட்டித்தான் நிறுத்த முடியும். டிரைவர் கதவு வலதுபக்கம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குவிக்கும்போது அதை யோசித்ததாக நினைவில்லை. இடம் அங்கேதான் இருந்தது.

உளுந்தின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்த எங்கள் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள். அம்பாசடர் ஏறும், டிராக்டர் ஏறும், ஒன்றும் ஆகாது. அவையெல்லாம் உயரமான வண்டிகள், வயிற்றில் பழுத்த இரும்பும் கிடையாது. அவனும் பழக்கத்தில் ஏற்றினான்.

குஞ்சிதபாதம் மாலை வாங்கிக்கொள்ள இடதுபக்கம் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு நடந்தார். சற்று நேரத்தில் காருக்கு அடியில் புகை வந்தது. அவன் கவனித்தபோது வண்டியை நகர்த்தப் பார்த்தான். செடி அச்சில் சுற்றிக்கொண்டு என்ஜின் நின்றுபோனது. வலது கதவைச் சுவர் தடுத்தது. நம் ஊர் வண்டிகளில் யாரும் போடாத பெல்ட்டை அவன் ஆசையாகப் போடுவான். அது உடனே கழலவில்லை. கண்ணாடியைத் தட்டினான். என்னைப் பார்த்தான். வாய் அசைந்தது. என் பெயர்தான் என்று நினைக்கிறேன்.

கபீர் மில்லில் நெல் ஊறவைக்கும் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. உளுந்து காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். கபீர் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு, "அந்தப் பக்கக் கதவு தொறக்கும்மா, இழுத்துடலாம்" என்று வந்தார். முன்னால் வந்தது அத்தை.

நான் ரோட்டுக்குக் குறுக்கே நின்று கையை விரித்தேன்.

"கிட்டப் போவாதீங்க. இது பெட்ரோல் தீ. தண்ணி ஊத்துனா பரவும். டேங்கு வெடிச்சுதுன்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க."

"எம்புள்ளடி" என்றார் அத்தை.

"நில்லுங்க அத்தை. நான் படிச்சிருக்கேன்."

"படிச்ச புள்ள சொல்லுதுல்ல, தள்ளுங்கப்பா" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் நின்றார்கள். அத்தையின் இடுப்பிலிருந்த குடத்தை நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிறகு டேங்க் வெடிக்கத்தான் செய்தது. கூட்டத்தில் யாருக்கும் காயமில்லை. சமயோசிதமாக ஊரைக் காப்பாற்றிய பட்டதாரிப் பெண் என்று நீங்களே உங்கள் முதல் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு யார்மேலும் தனிப்பட்ட கோபம் கிடையாது. பன்னிரண்டு குடும்பத்துக்காக அந்தக் காரை மட்டும்தான் எரிக்க நினைத்தேன். மற்றது விபத்து. அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான், எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் நான் பொய் சொல்லவில்லை. நான் கையை விரித்தபோது தீ இன்னும் பெட்ரோலைத் தொடவில்லை, அவ்வளவுதான். எரிந்துகொண்டிருந்தது வெறும் உளுந்துச் செடி. அத்தை கொண்டுவந்த ஒரு குடம் போதும்.