சத்தம் போடும் பெட்டி

கியர் ஆயில் வாடை பட்டால் போதும், எங்கிருந்தாலும் மனதுக்குள் அப்பாவின் சட்டையருகே போய் நின்றுவிடுவேன். அன்று வேங்கிக்கால் டவுன் பஸ்ஸில் அந்த வாடை முன் சீட்டிலிருந்து வந்தது. விரலெல்லாம் கறையோடு ஒருவர். பக்கத்தில், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு அவர் மனைவி.

“சங்கிலி வச்ச பெட்டி வேணாங்க. பல்சக்கரம் வச்சதே வாங்குங்க,” என்றார் மனைவி.

போர்வெல் போடும் தன் லாரிக்குப் பெரிய டீசல் இன்ஜின் மாற்றியவர், அதன் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் பெட்டியை மட்டும் பழையதாகவே விட்டிருக்கிறார் என்று அவர்கள் பேச்சிலிருந்து புரிந்தது.

“பல்சக்கரம்னா வெயிட்டு ஜாஸ்தி. சத்தமும் ஜாஸ்தி.”

“சங்கிலி அறுந்துதானே மேட்டுல லாரி பின்னாடியே உருண்டுச்சு? என்கிட்ட பஞ்சர்னு சொன்னீங்க.”

“யார் சொன்னா?”

“உங்க சட்டைதான். பஞ்சர் ஒட்டப் போனவரு சட்டை முழுக்க கியர் ஆயில் எப்படி வந்துச்சு?”

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அந்தச் சத்தத்துக்கு நீயே திட்டுவ,” என்றார்.

“நீங்க வர்றது தெருமுனையிலேயே கேட்டா நான் ஏன் திட்டப்போறேன்?”

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் மனைவி இறங்கினார். கீழே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எதுன்னு முடிவு பண்ணீங்க?”

“சத்தம் போடறதுதான். நீ போய்ட்டு வா.”