தேமல்தான் அத்தை

எனக்குத் தோல் வைத்தியத்தில் வரும் ஆங்கிலப் பெயர்கள் பிடிக்கும். மேக்யூல், பேப்யூல், வெசிகிள், அலோபீசியா, ஒனிகோலிசிஸ் என்று வரிசையாகச் சொன்னால், சூடான சீயத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி நாக்கு துள்ளும். சைக்கிள் மிதிக்கும்போது இவற்றை ராகம் போட்டுப் பாடுவேன். அப்பா தச்சர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வாக்குமூலத்தை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வரும் தோல் டாக்டருக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் சொல்வார். நான் தமிழில் சொல்லி மருந்தைக் கொடுப்பேன். அதுதான் என் வேலை.

1969 ஆடியில் கல்லலிலிருந்து வீரலட்சுமி அத்தை வந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்பு தன் மகனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர். அன்றைக்கு என் முழங்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “செதில உரிச்சுட்டுச் சொல்லிவிடுங்க, வந்து பாக்குறோம்” என்றார். கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். என் பி.எஸ்ஸி. சான்றிதழை யாரும் புரட்டவில்லை. முழங்கையில் இருந்தது சோரியாசிஸ். அது யாருக்கும் ஒட்டாது.

டாக்டர் அத்தையின் கையில் வெளுத்திருந்த திட்டை ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. குஷ்டத்தின் ஆரம்பம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் ஊனம் வராது என்றார்.

“என்னத்தா சொல்றாரு?”

“தேமல்தான் அத்தை. பயப்படாதீக.”

கந்தகக் களிம்பைக் கொடுத்தேன். மாத்திரைகள் அலமாரியிலேயே இருந்தன. டாக்டர் கேட்டபோது, அந்த அம்மாள் மதுரையில் வைத்தியம் பார்க்கிறார் என்றேன். அத்தையை டாக்டர் வராத நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். மாதம் தவறாமல் வந்தார்.

“ஒங்கையி ராசியான கையித்தா. இப்பல்லாம் கொதிக்கிற சட்டிய வெறுங்கையால எறக்குறேன், சுடவே மாட்டேங்குது” என்றார் ஒருநாள்.

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சிரித்ததில்லை.

விரல்கள் மடங்கிய பிறகுதான் மகன் மதுரைக்கு அழைத்துப் போயிருக்கிறான். அங்கே வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். இப்போது அத்தைக்குத் தனித்தட்டு, மாட்டுக்கொட்டகையில் படுக்கை என்று கேள்வி.

செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் இதையும் எழுதுங்கள்: பதினாறு மாதம் அத்தை தன் பேரனுக்குச் சோறு பிசைந்து கையால் ஊட்டினார். அந்தப் பதினாறு மாதத்தை அவருக்குக் கொடுத்தது யார்?