இரண்டு விரல் அகலம்

ஷூவை இவ்வளவு தளர்வாகக் கட்டுகிற விசாரணை அதிகாரி மாடிப்படியில் எப்படி ஓடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "அவசரமில்ல மேடம். முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொடுப்பது என் வேலை. பலகை மேல் நின்று, பாயைக் கையில் பிடித்து, காற்றோடு தண்ணீர்மேல் போவது. அது கைவந்த பிறகு குதிக்கச் சொல்லித்தருவேன். வேகமாக வந்து, எதிரே ஒரு சின்ன அலையைப் பார்த்துவைத்து, பலகையின் மூக்கு ஏறும்போது பின்காலால் உதைத்து முன்முழங்காலை மேலே இழுக்க வேண்டும். ஒரு முழம் எழும்பினால் போதும். கற்றுக்கொள்கிறவர்கள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு அது வர இரண்டு கோடைகள் ஆயின. என் தங்கை மூன்றாம் நாளே எழும்பினாள். பொறாமை என்று நினைக்க வேண்டாம். அவள் எதற்குமே பயந்ததில்லை. அதுதான் என் கவலை. "அக்கா குதிக்கிறதைப் பாருங்க, கட்டில்ல இருந்து இறங்குற மாதிரியே இருக்கும்" என்று வகுப்பு முழுவதையும் சிரிக்கவைத்தாள். நானும்தான் சிரித்தேன். மறுவாரம் பயிற்சிப் பள்ளி முதலாளி, "குதிக்கிற வகுப்பை இனிமே சின்னவளே எடுக்கட்டுமே" என்றார்.

பாதத்தை நுழைத்துக்கொள்ளப் பலகையில் பட்டைகள் உண்டு. யார் தண்ணீரில் இறங்கினாலும் இன்னொருவர்தான் அவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சம்பவம் நடந்த அன்று காலை அவள், "கடிக்குதுக்கா, கொஞ்சம் தளர்த்தி விடேன். இப்பவே எனக்குக் கால்கட்டு போடப் பார்க்கிறியா?" என்றாள்.

தளர்த்தினேன். இரண்டு விரல் அகலம்.

தளர்வுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அளவான பட்டையில் பாதத்தின் முன்பகுதி மட்டுமே நுழையும். விழுந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். தளர்ந்த பட்டையில் கணுக்கால்வரை போய்விடும். பலகை புரண்டால் வராது. இதை முதல் பாடத்திலேயே சொல்வேன். அவள் அன்று கவனிக்கவில்லை.

ஐந்தாவது முறை குதிக்கும்போது விழுந்தாள். பலகை கவிழ்ந்தது, பாய் அவளை மூடியது. நான் மீட்புப் படகில், கூப்பிடு தூரத்தில் இருந்தேன். யாராவது விழுந்தால் இருபது எண்ணிவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவோம். தானாக மேலே வரப் பழக வேண்டுமே. எண்ணினேன். வேகமாக எண்ணிவிட்டேனோ என்று தோன்றியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பாய்க்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து தண்ணீரைத் தட்டியது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததால் இன்னொரு முறை எண்ணினேன். கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான். அவள் நல்லதற்குத்தான்.

கை நின்ற பிறகு மோட்டாரைப் போட்டேன்.

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"வெளியே உங்க அம்மா உட்கார்ந்திருக்காங்க. இருக்கிற ஒரு பொண்ணையாவது வீட்டுக்கு அனுப்புங்கன்னு அழறாங்க. நீங்க இப்ப சொன்ன எதையும் நான் எழுதல. கவனக்குறைவா பட்டையைத் தளர்த்திட்டேன்னு ஒரே வரி. ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

தாளை ஒருமுறை படித்தேன். பேனாவை மூடி அதன் மேல் வைத்தேன்.

"மன்னிச்சுக்கோங்க, இதுல போட முடியாது" என்றேன். "என் கவனக்குறைவால இதுவரைக்கும் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட வந்ததில்ல."