புரோக்கர்கள் கூப்பிட வேண்டாம்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவர் பக்கத்து நண்பரிடம் சொன்னார்: "இருபது வருஷமா ஊருக்கே வீடு பிடிச்சுக் கொடுத்தேன். எனக்கு ஒரு வீடு கேட்டா போனை வச்சிடறாங்க."

"உங்க கையில இல்லாத வீடா?"

"இருந்ததெல்லாம் செல்போன் ஆப்புக்குப் போயிடுச்சு. அதுல எல்லா வீட்டுக்கும் கீழ 'புரோக்கர்கள் கூப்பிட வேண்டாம்'னு போட்டிருக்கு. ஊரே என் நம்பரை வீட்டு புரோக்கர்னு சேவ் பண்ணி வச்சிருக்கு. யாருக்கு அடிச்சாலும் அந்தப் பேருதான் வருது. மாசக் கடைசியில இருக்கிற வீட்டைக் காலி பண்ணணும். பாப்பாவுக்குப் பரீட்சை வேற."

"இந்தாங்க, என் போன்ல பேசுங்க."

ஆப்பில் இருந்த ஒரு வீட்டு நம்பருக்கு அடித்து, பஸ் இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார். காவிரிப் பாலத்தில் பாதி பஸ்ஸுக்குக் கேட்டது.

"நீங்க புரோக்கரா?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்லைங்கம்மா. குடும்பம். மூணே பேரு."

"அப்ப சாயங்காலம் வந்து பாருங்க. பிடிச்சிருந்தா உங்களுக்கே தரேன்."

நண்பர் அவர் தொடையில் தட்டினார்.

"இன்னொண்ணுங்க," என்றார் அந்த அம்மா. "கீழ் வீடும் ஆறு மாசமா பூட்டிக் கிடக்கு. ஆப்புல போட்டோதான் பாக்கறாங்க, யாரும் நேர்ல வரதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வீடு தேடறாங்களா?"

அவருடைய கை தானாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தது. வீடு தேடுகிறவர்களின் பெயர்கள் பக்கம் முழுக்க இருந்தன. நோட்டை மூடினார்.

"எனக்கு யாரையும் தெரியாதுங்கம்மா," என்றார்.