கால்சட்டைப் பிடியில் ஒரு பண்ணை

மாத்லென்: ...சரி, தாடையை என் தோள்லேர்ந்து எடு முதல்ல. குத்துது.

ரேகுலா: எடுத்தா நீ என்னைத் தூக்கிருவ.

மாத்லென்: தூக்கினா என்ன? வானத்தைப் பாரு. இன்னிக்கு மேகமே இல்ல.

ரேகுலா: மல்லாந்து படுத்து வானம் பாக்க நான் வரல. இடுப்புப் பட்டையைத் தளர்த்து, மூச்சு முட்டுது.

மாத்லென்: தளர்த்தறதுக்கா பிடிச்சேன்?

நடுவர்: பொண்ணுங்களா! ரெண்டு நிமிஷமா ஒருத்தி கால்சட்டையை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. இது இறுதி ஆட்டம். ஷ்விங்கன் மல்யுத்தத் திருவிழான்னு எண்ணூறு பேர் டிக்கெட் வாங்கி உக்காந்திருக்காங்க. ஏதாவது பண்ணுங்க.

ரேகுலா: பண்ணிட்டுத்தான் இருக்கோம் ஐயா. வெளியே தெரியல.

நடுவர்: வெளியே தெரியற மாதிரி பண்ணுங்க!

மாத்லென்: ...வெங்காயம் தின்னியா?

ரேகுலா: ரெண்டு. உனக்காகத்தான்.

மாத்லென்: வரப்போற அண்ணிக்கு இவ்வளவு பாசமா?

ரேகுலா: ஆட்டம் ஆரம்பிக்க முன்னாடி கை குலுக்கினியே, அப்பவே என் மோதிர விரலை நசுக்கிட்ட. அது எந்த ஊர் அண்ணி முறை?

மாத்லென்: செப்டம்பர்லதான் கல்யாணம். அதுவரைக்கும் நீ எனக்கு வெறும் எதிராளி. ஆனா ஒண்ணு சொல்றேன், பிடி நல்லாத்தான் இருக்கு. சூரிச்சுல விவசாயம் படிக்கப் போனவ வெறும் புத்தகம்தான் தூக்கியிருப்பான்னு நெனைச்சேன்.

ரேகுலா: புத்தகத்தைத்தான் தூக்கினேன். மண்ணியல் புத்தகம், ஒவ்வொண்ணும் ரெண்டரைக் கிலோ. கைக்கு ஒண்ணா விரல் நுனியால கிள்ளிப் பிடிச்சுக்கிட்டு ஏழு மாடி ஏறி இறங்குவேன்.

மாத்லென்: படிக்கவும் செஞ்சியா?

ரேகுலா: படிச்சேன். அது சுலபம். துண்டைக் கதவுமேல போட்டுத் தொங்கறதுதான் கஷ்டம். முதல்ல பத்து விநாடி. கடைசில ஒண்ணரை நிமிஷம்.

மாத்லென்: அப்புறம்?

ரேகுலா: அப்புறம் கதவு நிலையோட பேந்து வந்துருச்சு.

மாத்லென்: ஹ்ம்... சிரிக்க வைக்காதடி, கை நழுவும்.

ரேகுலா: நழுவட்டுமே.

மாத்லென்: நழுவாது. தினம் சீஸ் துணி பிழியற கை. பால் கறக்கிற மெஷின் நின்னு போச்சுன்னா பதினெட்டு மாட்டுக்கும் இந்தக் கைதான்.

ரேகுலா: அதான் இடுக்கி மாதிரி இருக்கு. நீ கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கும்போது எங்க அண்ணன் மூஞ்சி ஏன் கோணுதுன்னு இப்பத்தான் புரியுது.

மாத்லென்: அது காதல்.

ரேகுலா: அது எலும்பு.

நடுவர்: பேச்சுக்குப் புள்ளி கிடையாதும்மா! இன்னொரு வாட்டி எச்சரிக்க மாட்டேன்.

மாத்லென்: இதோ ஐயா... ஹூப்! ...அட, அசையவே மாட்டேங்கிறியே. காலை என்ன மண்ணுல நட்டு வெச்சிருக்கியா?

ரேகுலா: அஞ்சு வருஷம் மண்ணைப் பத்தித்தானே படிச்சேன்.

மாத்லென்: உங்கப்பா முதல் வரிசையில உக்காந்து சாசேஜ் கடிச்சுக்கிட்டே உன்னை முறைக்கிறாரு.

ரேகுலா: முறைக்கட்டும். மதுக்கடையில பதினோரு பேர் முன்னாடி அவர் வாயால சொன்னது. "மாத்லெனை மல்லாத்திப் போடு, பண்ணையை உன் பேருக்கு எழுதறேன். முடியலேன்னா அது உன் அண்ணன் உர்ஸுக்கு." இனிமே வாயை மாத்த முடியாது.

மாத்லென்: நான் மூணு வருஷமா யார்கிட்டயும் மல்லாந்ததில்லேன்னு தெரிஞ்சுதான் சொல்லியிருக்காரு.

ரேகுலா: தெரிஞ்சேதான்! உர்ஸ் என்ன பண்ணான் அந்தப் பண்ணைக்கு? பொறந்தான். அதோட அவன் வேலை முடிஞ்சுது. அவனுக்குப் பசு சினையா இருக்கா, வயிறு உப்பியிருக்கான்னே தெரியாது. நான் படிச்சேன். லீவுல வந்து சாணி அள்ளினேன். கன்னுக்குட்டியைக் கையை விட்டு இழுத்தேன். அதெல்லாம் பத்தாதாம். ஊரே பாக்க ஒருத்தியைத் தூக்கிப் போடணுமாம்.

மாத்லென்: அந்த ஒருத்தி நானா இருக்கேன். பாவம் நான்.

ரேகுலா: நீ பாவமில்ல. அவன்கிட்ட யாரும் எவனையும் தூக்கிப் போடச் சொல்லல பாரு, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

மாத்லென்: அவன் என்கூடப் பயிற்சிக்கு வந்தான் ஒருநாள். மூணு விநாடி.

ரேகுலா: அவ்வளவு நேரம் தாங்கினானா!

நடுவர்: எந்தப் பண்ணை அது? ஓடைக்கு மேல, சிவப்புக் கொட்டகை இருக்கே, அதுவா?

ரேகுலா: அதேதான் ஐயா.

நடுவர்: நல்ல புல்லு அங்க... தெக்குப் பக்கச் சரிவு... ம், ம்! ஆட்டத்தைப் பாருங்க! நாலு நிமிஷம் பாக்கி!

மாத்லென்: ரேகுலா, கேளு. சமமா முடிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல? ரெண்டு பேருக்கும் புள்ளி குறையும். மூணாவதா இருக்கிற ஸிமோனா மேல ஏறிருவா. சும்மா உக்காந்த இடத்துலேர்ந்து பரிசுக் கிடேரியை ஓட்டிட்டுப் போவா.

ரேகுலா: போன திருவிழாவுல என் காதைக் கடிச்சாளே, அந்த ஸிமோனாவா?

மாத்லென்: கடிக்கலையாம். பல்லு தானாப் பட்டுச்சாம்.

ரேகுலா: அவளுக்கு ஒரு கோழிகூடப் போகக் கூடாது.

மாத்லென்: அப்போ யாராவது ஒருத்தி விழணும். தலையைக் குனி... இன்னும் கிட்ட. யாருக்கும் கேக்கக் கூடாது.

ரேகுலா: என்ன?

மாத்லென்: எனக்கு அந்தப் பண்ணை வேணாம்.

ரேகுலா: ...என்ன சொன்ன?

மாத்லென்: வேணாங்கிறேன். உங்கம்மா நாலு மணிக்கே கதவைத் தட்டுவாங்க. கொட்டகைக் கூரை ஒழுகுது. எனக்கு டவுன்ல ஒரு வீடு போதும். பால்கனி, ரெண்டு பூந்தொட்டி, ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி வரைக்கும் தூக்கம். உர்ஸ்கிட்ட இன்னும் சொல்லல.

ரேகுலா: நெஜமாவா?

மாத்லென்: வலது கையைக் கொஞ்சம் தளர்த்து. நான் திரும்பி உனக்குத் தோதா விழறேன். சும்மா பொத்துனு விழுந்தா ஊரு கண்டுபிடிச்சிரும். எனக்கும் மரியாதை இருக்கில்ல. சீக்கிரம்.

ரேகுலா: பிச்சை போடறியா?

மாத்லென்: என்னது?

ரேகுலா: நான் துண்டுல தொங்கித் தொங்கி உள்ளங்கை தோல் உரிஞ்சது நீ போடறதை வாங்கறதுக்கா? ஒருத்தன் சும்மா பொறந்து வாங்கறான், நான் சும்மா விழுந்தவகிட்ட வாங்கணுமா? ஒழுங்காப் பிடிடி!

மாத்லென்: பைத்தியமா நீ? பண்ணை கிடைக்குதுன்னா வாங்கிக்கோயேன்!

ரேகுலா: நீ விழுந்தா நான் உன்னைத் தூக்கி நிறுத்துவேன்.

மாத்லென்: இதோ, சாயறேன் பாரு...

ரேகுலா: நில்லு!

மாத்லென்: விடு, சாயறேன்...

ரேகுலா: நில்லுடீ!

நடுவர்: ஏம்மா, விழப்போறவளை ஏன் தாங்கிப் பிடிக்கிற? முப்பது வருஷமா இந்த மரத்தூள் வட்டத்துல நிக்கிறேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல!

ரேகுலா: இவ ஒழுங்கா விளையாட மாட்டேங்கிறா ஐயா!

மாத்லென்: இவதான் ஜெயிக்க மாட்டேங்கிறா ஐயா!

நடுவர்: எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. ரெண்டு நிமிஷம்!

மாத்லென்: வலது கையை மட்டும் தளர்த்துன்னா கேக்க மாட்டியா?

ரேகுலா: கால்சட்டையில பிடி இல்லாமப் போட்டா செல்லாது. எனக்கென்ன சட்டம் தெரியாதா?

மாத்லென்: ஒரு கை இருந்தாப் போதுமே. இடது கை இருக்கில்ல?

ரேகுலா: இடது கையா... அதைப் பத்திப் பேசாத.

மாத்லென்: ஏன்?

ரேகுலா: மரத்துப்போச்சு. விரல் இருக்கா, கழண்டு விழுந்துருச்சான்னே தெரியல. கட்டை விரல் மட்டும் ஏதோ முனகுது.

மாத்லென்: ...எப்பலேர்ந்து?

ரேகுலா: வெங்காயம் பத்திப் பேசினோமே, அப்பலேர்ந்து.

மாத்லென்: அடப் பாவமே. அப்போ உன் இடது பக்கம்...

ரேகுலா: காலியா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத.

மாத்லென்: சொல்வேனா? ...சரி, நான் உன் இடது பக்கமே விழறேன். உனக்குச் சிரமம் இருக்காது.

ரேகுலா: விழாதன்னு எத்தனை தடவை சொல்றது!

நடுவர்: முப்பது விநாடி!

மாத்லென்: தயாரா? ஒண்ணு...

ரேகுலா: மாத்லென், வேணாம்.

மாத்லென்: ரெண்டு... ஹூப்!

ரேகுலா: ஹாஆ!

மாத்லென்: ஐயோ, என்...

நடுவர்: மல்லாந்தாச்சு! ரெண்டு தோளும் மரத்தூள்ல! முடிஞ்சுது, முடிஞ்சுது! ரேகுலா ஜெயிச்சாச்சு!

மாத்லென்: ...வானம் நல்லாத்தான் இருக்கு.

நடுவர்: ஏந்திரிம்மா ரேகுலா. ஜெயிச்சாச்சுல்ல? அவ கால்சட்டையை விடு.

ரேகுலா: முடியல ஐயா.

நடுவர்: என்ன முடியல?

ரேகுலா: விரல் திறக்க மாட்டேங்குது.

நடுவர்: கடவுளே... இந்தா, நான் ஒவ்வொண்ணா எடுக்கறேன். சுண்டு விரல்... மோதிர விரல்... ஏம்மா, என் கையைப் பிடிக்காத! ஆ! விடு! விடும்மா!

ரேகுலா: மன்னிச்சுக்கோங்க ஐயா. அது தானா மூடிக்குது.

நடுவர்: நான் புள்ளி எழுதற மேஜைக்குப் போறேன். நீங்க எப்படியோ பிரிஞ்சு வாங்க.

மாத்லென்: அசையாம இரு... ஆங், கழண்டுருச்சு. எழுந்திரு, என் வயித்து மேல உக்காந்திருக்க.

ரேகுலா: திரும்பு. முதுகுல மரத்தூளைத் தட்டிவிடணும். ஜெயிச்சவதான் தட்டணும்.

மாத்லென்: தெரியும். மூணு வருஷமா நான்தானே எல்லார் முதுகையும் தட்டினேன். மெதுவா... அது தட்டறதா, அடிக்கிறதா?

ரேகுலா: மாத்லென்.

மாத்லென்: ம்?

ரேகுலா: என் இடது கை மரத்துப்போகவே இல்ல. அது பொய்.

மாத்லென்: அந்தக் கையால இடுப்புல இழுப்பு வாங்கின அப்புறம் நானும் அப்படித்தான் நெனைச்சேன்.

ரேகுலா: இப்ப நீ உண்மையைச் சொல்லு. விழுந்தியா, விழவெச்சேனா?

மாத்லென்: உங்கப்பா சாசேஜைக் கீழ வெச்சுட்டாரு பாரு. இங்கதான் வர்றாரு. போய்ப் பண்ணையை வாங்கிக்க. எதுக்கு இந்தக் கேள்வி?

ரேகுலா: எனக்குத் தெரியணும். நீ விட்டுக் குடுத்திருந்தா இப்பவே மேஜைக்குப் போய் இந்த வெற்றி செல்லாதுன்னு சொல்லிருவேன். அந்தப் பண்ணையும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் கண்ணைப் பாத்துச் சொல்லு. விட்டுக் குடுத்தியா?

மாத்லென்: விட்டுக் குடுக்கறதா? உங்க பண்ணை வீட்டுச் சமையலறை ஜன்னல் மூணுக்கும் அளவெடுத்து, மஞ்சள் பூப்போட்ட துணியில திரை தைச்சு, கார் டிக்கியில வெச்சிருக்கேன்டி!